கயிறு அவிழ்க்கும் இடங்கள்

பொடோலக் வீட்டு நாய் மனிதரைக் கடித்ததில்லை. என் அப்பா பெட்ரோ பொடோலக் சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டிருந்தார். பண்ணையில் அவர் வளர்த்தவை ஏழு, கனடாவின் எட்மன்டன் நகரத்துக்குக் குடிவந்தபின் நான் வளர்த்தவை நான்கு. ஒன்றும் எவர் மீதும் பல் பதித்ததில்லை. எங்கள் உக்ரைனியக் கிறிஸ்தவக் கோயிலை ஒட்டிய கூடத்தில், அதைக் கட்டியவர்களின் பட்டியலில் அப்பா பெயர் மூன்றாவதாக இருக்கிறது. எனக்கு எழுபத்தெட்டு வயதாகும்வரை அந்தப் பெயருக்குக் கறை படாமல் பார்த்துக்கொண்டேன். சென்ற ஏப்ரல்வரை அப்படித்தான் இருந்தது.

நாய்களைக் கயிறு அவிழ்த்துவிட நகரத்தில் அனுமதித்த இடங்களில் பெரியது ஆற்றங்கரை மைதானம். அங்கே மனிதர்களுக்குப் பெயர் கிடையாது. பத்து வருடம் பழகியவர்கூட என்னை ‘ஹெட்மனோட அப்பா’ என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது பிடிக்காது. நாய்க்கு ஹெட்மன் என்று பழைய படைத்தலைவர்களின் பட்டத்தை வைத்தது நான். அதற்காக நான் அதன் அப்பா ஆகிவிட முடியாது. ஆனால் முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் டார்லீன் என்ற பெண் தன்னை ‘பக்கெட்டோட அம்மா’ என்று சொல்லிக்கொள்வதில் மகிழ்ச்சி அடைந்தாள். குட்டியாக இருந்தபோது அவளுடைய நாய் ஒரு பிளாஸ்டிக் வாளியைக் கவ்விக்கொண்டே திரிந்ததாம். அதனால் அந்தப் பெயர்.

பனி உருகிச் சேறாகிக் கிடந்த நாள். ஹெட்மனும் பக்கெட்டும் ஒரு பந்துக்காக மல்லுக்கட்டின. இரண்டும் ஒரே உயரம், இரண்டும் காதுவரை சேறு. ஓட்டப் பயிற்சிக்கு வந்த ஒருவர் வழியை மறித்த நாய்களைக் கையால் விலக்கினார். அடுத்த கணம் அலறினார். டார்லீன் அப்போது குனிந்து பக்கெட்டின் கழிவைப் பையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நகராட்சி அதிகாரி வந்தார். கடிபட்டவருக்கு எந்த நாய் என்று தெரியவில்லை. “சேத்து நிறத்துல இருந்துச்சு” என்றார். அதிகாரி என் பெயரைக் கேட்டார். முழுதாகச் சொன்னேன்.

“அந்தக் கூடத்துல பேர் இருக்கே, பெட்ரோ பொடோலக், அவருக்கு என்ன வேணும் நீங்க?”

“மகன்.”

“எங்க தாத்தா கல்யாணம் அங்கதான் நடந்துச்சு. நீங்களே சொல்லுங்க சார், எந்த நாய்?”

“பக்கெட்” என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. வீட்டைவிட்டு வெளியே வந்தால் பக்கெட்டுக்கு வாய்க்கூடை போட வேண்டும், கயிற்றை விடக்கூடாது, அவிழ்த்துவிடும் மைதானங்களில் கால் வைக்கக்கூடாது, உயிர் உள்ளவரை. அப்படி உத்தரவு வந்தது.

அன்று வீட்டில் என் மனைவி ஓல்ஹா ஹெட்மனின் முகத்தை ஈரத்துணியால் துடைத்தாள். துணியில் சேற்றோடு சிவப்பும் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். பிறகு அலசிக் கொடியில் போட்டாள். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் பாதிரியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய எல்லோரும் வரிசையில் நிற்பது வழக்கம். ஐம்பது வருடத்தில் முதல்முறையாக நான் அந்த வரிசையில் நிற்கவில்லை. அதையும் அவள் பார்த்தாள்.

ஆற்றங்கரை மைதானத்துக்கு என்னால் போக முடியவில்லை. வேறு இடம் தேட ஆரம்பித்தேன்.

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வேலி போட்ட மைதானம் ஒன்று. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் ஹெட்மன் வயிறு தரையில் பட ஒடுங்கிப் படுத்துக்கொண்டது. வடக்கே ஒரு பள்ளத்தாக்கு. அங்கே நரி நடமாட்டம் என்று எச்சரிக்கை ஒட்டியிருந்தார்கள். ஹெட்மனுக்கு நீச்சல் உயிர் என்பதால் நீர்நிலைகளையும் தேடினேன். மேற்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த ஏரியில் ஜூலையில் பாசி படர்ந்து தண்ணீர் பெயின்ட் கொட்டியது போல் இருந்தது. குடித்தால் நாய் செத்துவிடும் என்று பலகை வைத்திருந்தார்கள். ஜல்லி தோண்டிய குட்டை ஒன்று நன்றாக இருந்தது. இரண்டாம் முறை போனபோது அதன் வாசலில் பூட்டுத் தொங்கியது.

ஓல்ஹா ஒவ்வொரு முறையும் கறுப்பு ரொட்டியில் பூண்டு சாசேஜ் வைத்துக் கட்டிக்கொண்டு கூடவே வந்தாள்.

“இந்த ஊர்ல பாதி முடிஞ்சுது ஸ்டெஃபான். அடுத்தது கால்கரியா?”

“தண்ணி சரியில்ல.”

“தண்ணிக்கு என்ன? ஆளு சரியில்லன்னு சொல்லு.”

“எந்த ஆளு?”

“கார்க் கண்ணாடியத் திருப்பிப் பாரு, தெரிவான்.”

நான் வண்டியை ஓட்டினேன்.

செப்டம்பரில் நல்ல இடம் கிடைத்தது. நகர எல்லைக்கு வெளியே மண்சாலை முடியும் இடத்தில் புதர்களுக்கிடையே ஒரு ஒற்றையடிப் பாதை. இறங்கினால் கூழாங்கல் திட்டு. கோடையெல்லாம் கலங்கி ஓடும் ஆறு அந்த மாதத்தில் தெளிந்திருந்தது. கயிற்றை அவிழ்த்ததும் ஹெட்மன் பாய்ந்து இறங்கியது. அப்போதுதான் திட்டின் மறுகோடியில் டார்லீனைப் பார்த்தேன். நீளக் கயிற்றின் நுனியில், வாய்க்கூடையோடு, முழங்கால் அளவு தண்ணீரில் பக்கெட் நின்றுகொண்டிருந்தது. திரும்பிவிடலாம் என்று நினைத்தேன். அவள் கையை ஆட்டிவிட்டாள்.

“அட, ஹெட்மனோட அப்பா! இங்க வந்துதான் ஒளிஞ்சிக்கிட்டிருக்கீங்களா? மைதானத்துல எல்லாரும் உங்களத் தேடுறாங்களாம்.”

“இது நகராட்சிக்கு வெளிய இருக்கு” என்றேன். “இங்க அவுத்து விடலாம். யாரும் கேக்க மாட்டாங்க.”

“நான் கேப்பேன்ல? ஒருத்தர் கையக் கடிச்ச நாய எந்த தைரியத்துல அவுக்கிறது?” பக்கெட் இன்னும் ஓரடி போகப் பார்த்தது. அவள் கயிற்றை இழுத்தாள். “கூடையோட ஆழத்துக்குப் போனா தண்ணி ஏறி மூச்சு முட்டிடும். அதான் முட்டி வரைக்கும். அதுக்கும் பழகிட்டான்.”

ஓல்ஹா ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“நிஜத்த சொல்லட்டுமா?” என்றாள் டார்லீன். “வேற யாராவது சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். என் புள்ள கடிக்க மாட்டான்னு அந்த ஆபீசர் சட்டையப் புடிச்சிருப்பேன். உங்கள மாதிரி ஒரு மனுஷன் சொன்னப்புறம் என்ன பேசறது? முன்னெல்லாம் கட்டில்ல என் கால்மாட்டுல படுப்பான். இப்ப கதவ சாத்திடறேன். அவன் பல்லு கண்ணுக்குள்ளயே நிக்குது.”

ஓல்ஹாவின் கை நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பொட்டலத்தையே பார்த்தாள்.

“பக்கெட் இல்ல” என்றேன்.

“என்ன இல்ல?”

“கடிச்சது பக்கெட் இல்ல. ஹெட்மன்.”

டார்லீன் சிரித்தாள். “வெயில்ல நிக்காதீங்க பெரியவரே.” பிறகு என் முகத்தைப் பார்த்தாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“பாத்தேன்.”

“எப்ப?”

“கடிக்கறப்பவே.”

“பாத்துட்டுத்தான் சொன்னீங்களா?”

“ஆமா.”

“ஏன்?”

ஐந்து மாதமாக இந்தக் கேள்விக்குப் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அப்பா, கூடம், பதினொரு நாய்கள். அந்தக் கல்திட்டில் நின்றுகொண்டு அதில் எதையும் என்னால் எடுக்க முடியவில்லை.

“எங்க வீட்டு நாய் கடிக்காதுன்னு ஒரு பேச்சு உண்டு” என்றேன்.

“பேச்சா?” என்றாள். “பேச்சுக்காகவா?”

அவள் தண்ணீரில் மண்டியிட்டாள். நனைந்து இறுகியிருந்த வாய்க்கூடையின் வார் அவிழ நேரமாயிற்று. முகத்தில் ரோமம் தேய்ந்த இடங்களை ஒவ்வொன்றாகத் தடவினாள். கழுத்துக் கயிற்றையும் கழற்றினாள். எழுந்து வந்து வாய்க்கூடையை என்னிடம் நீட்டினாள்.

“இது உங்க வீட்டுது. புடிங்க. நாளைக்கு ஒம்பது மணிக்கு அந்த ஆபீஸ் தொறப்பாங்க. நானும் வருவேன். என் முன்னாடி நின்னு சொல்லணும்.”

“சொல்றேன்.”

“உங்கப்பா பேரையும் சேத்துச் சொல்லணும். அன்னிக்குச் சொன்னீங்கல்ல, அதே மாதிரி.”

அவள் ஒரு குச்சியை எடுத்து ஆற்றுக்குள் தூர எறிந்தாள். பக்கெட் பாய்ந்தது. தண்ணீர் முழங்காலைத் தொட்டதும் நின்றது. கயிறு இல்லை, கூடை இல்லை, ஆனாலும் நின்றது. திரும்பி அவளைப் பார்த்தது.

“போடா கண்ணு. போ. ஒண்ணும் சொல்ல மாட்டேன். போ.”

அது போகவில்லை. அவள் காலணியோடு ஆற்றில் இறங்கினாள். இடுப்பளவுக்குப் போய் இரு கைகளையும் நீட்டிக் கூப்பிட்டாள். பக்கெட் நின்ற இடத்திலேயே கால் மாற்றி மாற்றி மிதித்து முனகியது.

குச்சி நீரோட்டத்தில் போய்க்கொண்டிருந்தது. ஹெட்மன் நீந்திப் போய் அதைக் கவ்வி, கரையேறி, என் காலடியில் வைத்தது. உடலை உதறிவிட்டு, பாராட்டுக்காக நிமிர்ந்து பார்த்தது.

குனிந்து வாய்க்கூடையை அதற்குப் போட்டேன். அளவு சற்றுச் சிறியது. வாரைக் கடைசி ஓட்டையில்தான் மாட்ட முடிந்தது. அது எதிர்க்கவில்லை, விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது.

ஓல்ஹா ஒரு ரொட்டியை டார்லீனின் பைக்குப் பக்கத்தில் கல் மேல் வைத்தாள். டார்லீன் திரும்பவில்லை. நாங்கள் புதர்களைத் தாண்டி வண்டிக்கு வந்தோம். நான் வண்டியைக் கிளப்பும்வரை அவள் குரல் ஆற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. நாயின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.