நாற்காலிக்கு ஒரு வாக்கியம்

எல்லாம் மேனேஜரின் வாயால் வந்த வினை. சட்டை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்கு எழுதிய கடிதத்தில், "எங்கள் தொழிலாளிகள் இங்கிலீஷ் பேசுவார்கள், மொழிபெயர்க்க ஆள் கூட்டி வர வேண்டாம்" என்று பெருமையடித்துவிட்டார். அங்கிருந்து பதில் வந்தது. மிக்க மகிழ்ச்சி, தையல் கூடத்தைச் சோதிக்க வரும் அம்மா தனியாகவே வருவார், தொழிலாளிகளிடம் நேரில் பேசுவார் என்று. கையில் இருந்தது பதினைந்து நாள். தைப்பதற்கு உட்கார்ந்திருந்த நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேருக்கு 'தேங்க் யூ'வைத் தாண்டி ஒன்றும் தெரியாது.

ஆகவே நாற்காலிக்கு ஒரு வாக்கியம் என்று பங்கு போட்டார். காலர் தைக்கிறவளை எல்லோரும் காலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கு விழுந்தது 'ஐ கீப் த சிசர்ஸ் வித் மீ'. கத்தரிக்கோலை நான் என்னிடமே வைத்திருக்கிறேன், கண்ட இடத்தில் போடுவதில்லை என்று அர்த்தமாம். அவள் தங்கை இஸ்திரி மேஜையில் நிற்பவள். அவளுக்கு 'ஐ ஸ்டாண்ட் நியர் த டோர்'. பொத்தான் தைக்கிறவளுக்கும் மேனேஜருக்கும் ஏழாம் பொருத்தம். அவளுக்குப் போய் 'ஹி இஸ் கைண்ட் டு அஸ்' என்று கொடுத்தார்கள். 'அவர் எங்களிடம் அன்பாக இருக்கிறார்' என்று அர்த்தம் சொன்னதும், "ஐயோ, இதைச் சொன்னா என் நாக்கு அழுகிடும்" என்றாள். தையல் கூடமே சிரித்தது.

சொல்லிக்கொடுக்கும் வேலை, வருகைக் கணக்கு எழுதும் டைம் ஆபீஸ் கிளார்க் தலையில் விழுந்தது. கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தால் போதும் என்பது மேனேஜரின் உத்தரவு. கிளார்க்குக்கு அது பிடிக்கவில்லை. பலகையில் மூன்று பத்தி போட்டார். முதல் பத்தியில் ஐ, யூ, ஹி, ஷி, வீ, தே. நடுவில் செய்கிற வேலை. கடைசியில் இன், வித், நியர், பிஹைண்ட்.

"ஒரு பத்தியிலேருந்து ஒண்ணை எடுங்க, அடுத்ததுலேருந்து ஒண்ணு, அப்புறம் இன்னொண்ணு. சட்டை மாதிரிதாம்மா. கை, காலர், பாக்கெட், எல்லாத்தையும் சேத்துத் தைச்சா ஆச்சு" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் பாதி பேர் தூங்கி வழிந்தார்கள். காலரக்கா மட்டும் விடவில்லை. அவளுக்கு இங்கிலீஷ் மேல் ஒன்றும் ஆசை இல்லை. அவள் மனதை அரித்துக்கொண்டிருந்தது இஸ்திரி மேஜைக்குப் பின்னால் இருக்கும் கதவு.

போன வருஷம் இரண்டு சட்டை காணாமல் போனதிலிருந்து அந்தக் கதவுக்குப் பூட்டு. கைப்பிடிக்குள்ளேயே இருக்கும் பூட்டு என்பதால் பார்த்தால் தெரியாது. மேலே 'அவசர வழி' என்று பச்சை எழுத்து வேறு. போன மாதம் இஸ்திரிப் பெட்டியின் வயர் கருகிக் கூடமெல்லாம் புகை. எல்லோரும் முன்வாசலுக்கு ஓடினார்கள். தங்கை மேஜைக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டாள். காலரக்கா திரும்ப உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். இரண்டு நாள் தங்கைக்கு இருமல் நிற்கவில்லை.

சாவியைக் கேட்டுப் போனபோது மேனேஜர், "சாவி எங்கிட்ட பத்திரமா இருக்கும்மா. தீப்பிடிச்சா நான் வந்து திறக்க மாட்டேனா?" என்றார். அட மகராசா! தீ என்ன, இவரிடம் தேதி கேட்டுக்கொண்டா வரும்? அக்காவும் தங்கையும் மூன்று தரம் கேட்டார்கள். மூன்று தரமும் இதே பதில்.

சோதனை நாளில் அந்த அம்மா வந்தார். நரைத்த தலை, தட்டையான செருப்பு, கையில் ஒரு நோட்டு. மேனேஜர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி பின்னாலேயே வந்தார். ஒவ்வொரு நாற்காலியும் தன் வாக்கியத்தைச் சொன்னது. பொத்தான்காரி கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஹி இஸ் கைண்ட் டு அஸ்" என்று முடித்தாள். நாக்கு அழுகவில்லை.

காலரக்காவிடம் வந்ததும், மெஷினில் நாடாவால் கட்டியிருந்த கத்தரிக்கோலை அந்த அம்மா தொட்டுப் பார்த்தார்.

"ஐ கீப் த சிசர்ஸ் வித் மீ" என்றாள் அக்கா.

"குட்" என்று சொல்லி நகரப் போனார்.

அவ்வளவுதான், முடிந்தது. இனி அடுத்த வருஷச் சோதனையில்தான். அக்கா இஸ்திரி மேஜையைப் பார்த்தாள். தங்கை வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் முறைக்காக உதட்டை அசைத்து ஒப்பித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது, அதுவும் அக்காவுக்குத் தெரியும்.

"ஹி கீப்ஸ் த கீ வித் ஹிம்" என்றாள்.

அந்த அம்மா நின்றார். "விச் கீ?"

அக்கா மேனேஜரைக் காட்டினாள். பிறகு கதவைக் காட்டினாள். "ஷி ஸ்டாண்ட்ஸ் நியர் த டோர். த கீ இஸ் வித் ஹிம்."

மேனேஜர் சிரிப்பு மாறாமலே, பல்லிடுக்கில் தமிழில் சொன்னார். "நாப்பது பேர் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே, பாவி. நாளைக்கு இந்தப் பக்கம் வந்துடாதே."

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அம்மா நேராகப் போய்க் கைப்பிடியை அழுத்தினார். அது அசையவில்லை. மேனேஜரைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் பாக்கெட்டிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். முதல் சாவி சேரவில்லை, இரண்டாவதும் சேரவில்லை. கூடத்தில் ஒரு மெஷின்கூட ஓடவில்லை. ஐந்தாவது சாவியில் பூட்டு திறந்தது. காலரக்காவுக்கு அப்பாடா என்று மூச்சு வந்தது. போகட்டும், வேலை போனால் போகட்டும், கதவு திறந்துவிட்டது.

மேனேஜர் கைப்பிடியைத் திருப்பித் தள்ளினார். கதவு இரண்டு விரல் நகர்ந்து நின்றது. தோளைக் கொடுத்துத் தள்ளினார். கிளார்க்கும் ஓடிவந்து தள்ளினார். இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

"வெளியே மூட்டை அடுக்கியிருக்கு சார்" என்றார் கிளார்க். "கழிவுத்துணி. மேல வரைக்கும் இருக்கு."

திறக்காத கதவுதானே என்று சுமை ஏற்றுகிறவர்கள் மாதக்கணக்கில் அங்கேயே அடுக்கி வந்திருக்கிறார்கள். அந்த அம்மா நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

தங்கை சூடான இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அக்காவிடம் வந்து அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்குப் புகையில நான் இந்தப் பக்கம்தான் ஓடி வந்தேங்க்கா" என்றாள். "சாவி மட்டும் இருந்தா தப்பிச்சிடுவேன்னு நெனச்சேன்."