ஹிந்தி எழுத்தில் ரயிலேறிய ஆடு

1

இந்தக் கதை ஒரு புகார்க் கடிதத்திலிருந்து வந்தது. புகாரை எழுதியவளும் நான்தான். ஆகவே உங்களிடம் நல்ல பெயர் வாங்கும் உத்தேசம் எனக்கு இல்லை.

மும்பை மாட்டுங்காவில் ஒரு பொது நூலகத்தின் தமிழ்ப் பகுதியில் குழந்தைகள் அலமாரியைப் பார்த்துக்கொள்கிறேன். சம்பளம் கிடையாது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பத்தோரு வருஷம் ஃபைல் தள்ளிவிட்டு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்தவள்.

முதலில் எழுதிய தொடக்கம் இது: "புத்தகங்களின் வாசம் நிறைந்த அந்த அறையில்..." அடித்துவிட்டேன். அறையில் வருவது கரப்பான் மருந்து வாசம்.

2

குழந்தைகளுக்கு நல்ல புத்தகம் எப்படித் தேடுவது என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதில் மிஞ்சியது இவ்வளவுதான். வகுப்பைப் பார்த்து எடுக்காதீர்கள். "அஞ்சாங்கிளாஸ் படிக்கறா, அஞ்சாங்கிளாஸ் புக்கா குடுங்க" என்பார்கள். பிள்ளை இங்கிலீஷ் மீடியத்தில் அஞ்சாவது. தமிழில் இன்னும் எழுத்துக்கூட்டிக் கொண்டிருக்கும். முதல் பக்கத்தை உரக்க வாசியுங்கள். குழந்தை ஃபேனைப் பார்க்க ஆரம்பித்தால் மூடி வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கடைசி வரியில் நீதி சொல்லும் புத்தகங்களைப் பற்றி... (வேண்டாம், ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.)

எங்கள் அலமாரியில் இருநூற்றுச் சொச்சம் புத்தகங்கள். ஃபேன் சோதனையில் தேறுபவை இருபது இருக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை கதை நேரத்தில் நான் கொஞ்சம் கைவேலை செய்வேன்.*

(* கைவேலை என்றால், சவசவ என்று போகும் இடத்தைத் தாண்டுவது, இல்லாததைச் சேர்ப்பது. குடை வாங்கப் போன ஆடு என்று ஒரு கதை. அச்சில் ஆடு மாட்டுவண்டியில் சந்தைக்குப் போகும். நான் வாசித்தபோது அது வாஷியில் ஹார்பர் லைன் ரயிலைப் பிடித்து, லேடீஸ் டப்பாவில் "தோடா சரக்கோ" என்று இடம் கேட்டு, வடாலாவில் இறங்கியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒரு தகப்பனார் மட்டும் புகார் சொன்னார். "புக்குல இருக்கறதை மட்டும் படியுங்கோ மேடம். இல்லேன்னா கதை நேரத்தையே நிறுத்தவேண்டி வரும்" என்றார் செயலாளர் சந்திரமௌலி. சரி என்று தலையாட்டிவிட்டு, அடுத்த ஞாயிறும் அதையேதான் செய்தேன்.)

3

ரஷீதா தாராவியிலிருந்து வருபவள். முப்பது வயது இருக்கும். புருஷன் தௌசீப் தோல் பைப் பட்டறையில் தைக்கிறான். மகள் பரீஹாவுக்கு ஆறு வயது.

இவளை முதல் வரைவில் "வறுமையிலும் அணையாத கல்வித் தாகம் கொண்ட—" என்று தொடங்கியிருந்தேன். கேட்டால் அவளே சிரிப்பாள். ஞாயிறு தவறாமல் பிள்ளையோடு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவாள். நான் வாசிக்க வாசிக்க ஒரு நோட்டில் ஏதோ எழுதுவாள். பிறகு அதே புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போவாள். மளிகைச் சீட்டு எழுதுகிறாள் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

அவள் திருப்பித் தந்த ஆட்டுக் கதையை சைனப் என்ற இன்னொரு பெண் எடுத்துப் போனாள். மறுவாரம் வந்து, "இதே மாதிரி பென்சில் புக்கு வேற இருக்கா?" என்றாள். திறந்து பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அச்சு வரிகளுக்கு மேலே பென்சிலில் ஹிந்தி எழுத்து. தேடினால் பதினோரு புத்தகங்களில் அப்படி. வந்த கோபத்தில் ஒரு வரிகூட வாசிக்காமல் கமிட்டிக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் ரஷீதாவிடமே கேட்டேன். முறை தலைகீழ். தெரிகிறது.

"பேனால எழுதல மேடம், பென்சில்தான். எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். ஹிந்தி மீடியம்லா படிச்சேன். நீங்க வாசிக்கத் தமிழ ஹிந்தி எழுத்துல நோட்ல எழுதிக்கிட்டு, வீட்டுல புக்குல ஏத்துவேன். பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டணும்லா."

"அதான் நோட்ல எழுதறியே. அதைப் பார்த்து வாசிக்கறதுதானே?"

"நோட்டப் பாத்து வாசிச்சா, 'இது புக்கு இல்லியே உம்மா'ங்கா. புக்கத்தான் கையில பிடிக்கணுமாம்."

4

கமிட்டியில் மூன்று பேர். ரஷீதாவையும் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்; பரீஹாவும் கூட வந்திருந்தாள். மும்பையில் ஹிந்தி எழுத்து தெரியாதவர் யார்? சந்திரமௌலி பென்சில் வரியை வாசித்தார். கீழே இருந்த அச்சை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"கிறுக்கினதோட விடலை. கதையையே மாத்தி எழுதியிருக்கேள். ஆடு எங்கேம்மா ரயில் ஏறித்து?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பென்சிலில் இருந்தது முழுக்க நான் சொன்னது.

"புக்குல உள்ளதத்தான் எழுதுனேன் சார்."

"புக்குல மாட்டுவண்டின்னு போட்டிருக்கு."

"இல்ல சார், ரயிலுதான். மேடம்தான வாசிச்சாங்க. அவங்கட்ட கேளுங்க."

என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். என் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"ஆமாம். அந்த ரயில் நான் விட்டது."

"எனக்குச் சரியா ஞாபகம் இல்லை."

"                    "

நடந்தது மூன்றாவது. கதை நேரத்தைப் பிடுங்கிவிடுவார்களே என்ற பயத்தில், வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பொய் வேற" என்றார் சந்திரமௌலி, குரலை உயர்த்தாமல்.

கார்டை ரத்து செய்தார்கள். ரஷீதா அதை மேசைமேல் வைத்தாள். பரீஹா அன்றைக்கென்று எடுத்து வைத்திருந்த புத்தகத்தை யாரும் சொல்லாமலே கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள். தப்பான தட்டில் வைத்துவிட்டாள். எனக்கு அங்கே உட்கார வெட்கமாக இருந்தது.

5

முடிவு ஒன்று: நான் சந்திரமௌலியிடம் போய் உண்மையைச் சொல்கிறேன். அவர் நெகிழ்ந்து— (சந்திரமௌலி நெகிழ்ந்து நான் பார்த்ததில்லை.) நாளைக்கே போய்ச் சொல்லலாம்தான். பன்னிரண்டு நாளாக நாளைக்கே என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

முடிவு இரண்டு: தாராவிக்குப் போய் மன்னிப்புக் கேட்கிறேன். ரஷீதா டீ தருகிறாள். டீ வரைக்கும் எழுதிவிட்டு நிறுத்தினேன். பொய்க்காரி என்று பெயர் வாங்கிக் கொடுத்தவளுக்கு அவள் ஏன் டீ போட வேண்டும்?

ஆகவே இதை எழுதினேன். கவனித்திருப்பீர்கள், உண்மை முழுவதையும் தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன், ரஷீதாவால் படிக்க முடியாத எழுத்தில். தற்செயல் என்று சொல்ல ஆசைதான். இல்லை.

மூன்றாவது முடிவு உங்களிடம் இருக்கிறது. தாராவிப் பக்கம் போனால், பை தைக்கும் தௌசீப் வீடு எது என்று விசாரியுங்கள். உட்கார்ந்து இதை ரஷீதாவுக்கு உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவள் எழுதிக்கொள்வாள், அவசரப்படுத்தாதீர்கள். முடிந்ததும், "மேடம் இப்பமாது சார்ட்ட சொல்லிட்டாங்களா?" என்று கேட்பாள். அதற்குப் பதில் இதில் இல்லை. என்மேல் இரக்கப்பட்டு நீங்களாக ஒன்றைச் சேர்த்து வாசித்துவிடாதீர்கள்.