குரல் கொடுக்கிற வேலை

விசையைக் கீழே தள்ளிய பிறகுதான், தான் குரல் கொடுக்கவில்லை என்பது கன்னியப்பனுக்கு உறைத்தது. அதற்குள் மிஷின் பட்டை நாலடி ஓடியிருந்தது. கிடங்கின் அந்தக் கோடியில் மஜீத் அலறினார்.

துறைமுகத்தை ஒட்டிய அந்த மல்லாட்டைக் கிடங்குக்கு, வேர்க்கடலை மூட்டை ஏற்ற மிஷின் வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கரண்டில் ஓடும் நீளமான ரப்பர் பட்டை. ஒரு முனையில் மூட்டையை வைத்தால் மறுமுனையில் லாரிக்குள் போய் விழும். முப்பது பேர் சுமந்த இடத்தில் ஒன்பது பேர் போதும் என்றாகிவிட்டது. எழுதப் படிக்கத் தெரிந்ததால் கன்னியப்பனை விசையடியில் உட்கார வைத்தார்கள். அவனோடு பதினோரு வருஷம் மூட்டை சுமந்த மஜீத், மறுகோடியில் பட்டையில் மூட்டை ஏற்றினார். நடுவே அடுக்கியிருந்த மூட்டைகளால் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் ஓட்டுமுன் "ஓடுது" என்று மூன்று தரம் கத்த வேண்டும் என்பது விதி.

அன்று, மிஷினால் வேலை போனவர்களில் ஒருவர் வாசலில் வந்து நின்று கன்னியப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையிலிருந்து தப்பித்தால் போதும் என்று அவசரமாக விசையைத் தள்ளினான். பட்டையில் சிக்கிய சாக்கு நூலை மஜீத் பிடுங்கிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

மேஸ்திரி இராமதாஸ் ஓடிவந்து கேட்டார். "கொரலு குடுத்தியாடா?"

"குடுத்தேங்க."

யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.

மஜீத்துக்கு வலது கையில் இரண்டு விரல் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் திரும்பிய மறுநாள், உண்மையைச் சொல்லிவிடுவது என்று சாரத்தில் இருந்த தன் வீட்டிலிருந்து முல்லா வீதியில் மஜீத் வீடு வரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தபடியே நடந்தான். மஜீத்தின் மனைவி ஜரினா "வாங்கண்ணே" என்று பாய் விரித்தாள். அவன் வாயைத் திறக்குமுன் மஜீத்தே தொடங்கினார்.

"நீ கத்துனது எனக்குக் கேக்கவே இல்ல, கன்னியப்பா. காது போயிடிச்சி போலருக்கு."

அவர் குரலில் கோபமில்லை. கூச்சம்தான் இருந்தது, ஏதோ குற்றம் செய்தவரைப் போல.

"இத்தினி நாளு கூடவே இருந்தும் எனக்குத் தெரியாமப் போச்சேண்ணே," என்றாள் ஜரினா.

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "மிஷின் சத்தம் பாய். யாருக்குந்தான் கேக்காது," என்றான். சொன்ன பிறகு, முதல் பொய்யைவிட இது மோசம் என்று பட்டது.

காது கேளாதவரை மிஷின் பக்கம் விட முடியாது என்று கிடங்கில் மஜீத்தை நிறுத்திவிட்டார்கள். ஜரினா அவரிடம் உரக்கப் பேசப் பழகினாள். தெருவும் பழகிக்கொண்டது. நன்றாகக் கேட்டதைக்கூட மஜீத் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். பார்க்கப் பார்க்கக் கன்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சாயங்காலம் கடற்கரையில் மஜீத் தனியாக உட்கார்ந்திருந்தார். கன்னியப்பன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். கடலைப் பார்த்தபடியே சொன்னான்.

"பாய், அன்னிக்கி நான் கொரலு குடுக்கல."

அலை பாறையில் மோதித் திரும்பியது. மஜீத் மெல்லத் திரும்பினார். மூன்று விரல் மிஞ்சிய கையைக் காதுக்குப் பின்னால் குவித்து, அவன் முகத்துக்கு அருகே சாய்ந்தார்.

"சத்தமா சொல்லு, கன்னியப்பா."