கடைசியாகத் தெரிந்த இடம்

வேன் கல்யாண மண்டபத்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. என் போனில், ஒரு பச்சைப் புள்ளியாக, அசையாமல். மணி நாலேகால். மழை வலுக்கிறது என்று பள்ளியை மூன்றரைக்கே விட்டுவிட்டார்கள். பள்ளி இருக்கும் பருத்திப்பட்டிலிருந்து கோவில்பதாகையில் எங்கள் வீட்டு வாசலுக்கு வர அந்த வேனுக்கு இருபத்தைந்து நிமிடம் போதும்.

முதலில் எனக்கு எரிச்சல்தான் வந்தது. டிரைவர் உத்தமன் டீ குடிக்க நிறுத்தியிருப்பார், உள்ளே ஒன்பது பிள்ளைகளும் ஜன்னலைத் திறந்து கையை நீட்டி நனைந்துகொண்டிருக்கும், நாளைக்கு என் பவ்யாவுக்கு மூக்கு ஒழுகும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பவ்யா இரண்டாம் வகுப்பு. ஒரு தும்மலுக்கு மூன்று நாள் லீவு கேட்கிற ரகம்.

அப்புறம்தான் புள்ளியை ஒழுங்காகப் பார்த்தேன். நிற்கிற வண்டியின் புள்ளி இப்படி நிற்காது. வேனில் இருக்கும் ஜி.பி.எஸ். கருவி மலிவானது, வண்டி நின்றாலும் படத்தில் பத்தடி இந்தப் பக்கம், பத்தடி அந்தப் பக்கம் என்று நெளிந்துகொண்டே இருக்கும். இது ஆணி அடித்த மாதிரி நின்றது. அந்த ஆணியை அடித்தவள் நான்.

பள்ளி வேன்கள் எங்கே வருகின்றன என்று பெற்றோருக்குப் போனில் காட்டுவதுதான் எங்கள் கம்பெனியின் பிழைப்பு. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாடி, பதினொரு பேர். மழை நாட்களில் நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பேன். ஆப்பைத் திறக்கிறவர்கள் வண்டியையே நேரில் பார்ப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் போன் எங்கள் சர்வரைக் கேட்கும். எங்கள் சர்வர், கருவி விற்ற கம்பெனியின் சர்வரைக் கேட்கும். அவர்கள் பழைய ஆட்கள், எக்ஸ்.எம்.எல். என்கிற வடிவத்தில் பதில் தருவார்கள். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் ஒரு பெயர், பின்னால் மறுபடி அதே பெயர், கல்யாணப் பத்திரிகை மாதிரி நீளமாக. எங்கள் ஆப்புக்கு அது ஆகாது, ஜேசன் என்கிற சுருக்கமான வடிவம் வேண்டும். இங்கே வாங்கி, மாற்றி, அங்கே கொடுக்கிற வெப் சர்வீஸை எழுதியது நான். பதிலோடு ஒரு எண்ணும் போகும். இருநூறு என்றால் எல்லாம் சரி, ஐநூறு என்றால் எங்கள் பக்கம் கோளாறு. முன்பின் தெரியாத இரண்டு இயந்திரங்கள் பேசிக்கொள்ள உலகமே ஒத்துக்கொண்ட முறை இது. அந்த முறைப்படியே, ஓர் எழுத்து பிசகாமல், பொய்யும் சொல்லலாம். அதை எனக்கு எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை.

ஜூன் மாதம் வரை நாங்கள் உண்மையைத்தான் சொன்னோம். கருவியிலிருந்து பதில் வராவிட்டால் 'தகவல் இல்லை' என்று சிவப்பில் வரும். வந்ததும் பெற்றோர் பள்ளியைப் பிடிப்பார்கள், பள்ளி எங்களைப் பிடிக்கும். எங்கள் மேனேஜர் பரந்தாமன் ஒருநாள் என் மேஜைக்கே வந்தார்.

"சிவப்பே வரக்கூடாது தாட்சாயிணி. கடைசியா எங்க இருந்துச்சோ அதையே காட்டுங்க. ரெண்டு நிமிஷத்துல எப்படியும் சிக்னல் வந்துடப்போகுது."

காட்டினேன். பதில் வராதபோது பழைய இடத்தை எடுத்து, இருநூறு, எல்லாம் சரி என்று முத்திரை குத்தி அனுப்பும்படி மாற்றினேன். அதிலும் ஒரு வாரத்தில் வம்பு வந்தது. புள்ளிக்குக் கீழே 'எட்டு நிமிடத்துக்கு முன்' என்று போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு மறுபடி போன். ஆப்பும் சர்வரும் பேசிக்கொள்ள நாங்கள் வகுத்த ஒப்பந்தப்படி நேரம் என்பது இருந்தாலும் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிற தகவல். அதனால் அதையும் எடுத்துவிட்டேன். எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை. அந்த மாதம் ஒரு புகார்கூட வரவில்லை என்று ஆபீசில் கேக் வெட்டினார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

இப்போது லேப்டாப்பைத் திறந்து, கருவிக் கம்பெனியின் சர்வரை நானே நேராகக் கேட்டேன். நீளமான பதில் வந்தது. நடுவில் நேரம் இருந்தது. மூன்று ஐம்பத்திரண்டு. அதற்குப் பிறகு அந்தக் கருவி ஒரு வார்த்தை பேசவில்லை. மண்டபத்தைத் தாண்டி இருநூறு மீட்டரில் ரயில்வே சப்வே. தண்டவாளத்துக்கு அடியில் இறங்கி, உள்ளே ஒரு வளைவு வளைந்து, எங்கள் பக்கம் ஏறுகிற பாதை. ஒரு மணி நேர மழைக்கே அது கிணறாகிவிடும்.

உத்தமனைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேனில் வரும் ரேகாவைக் கூப்பிட்டேன். அதுவும் அப்படியே. ஸ்கூட்டரை எடுத்தேன். சப்வேக்குப் போய்ச் சேரும்வரை வழியில் எதைப் பார்த்தேன் என்று இன்றைக்கும் எனக்கு நினைவில்லை.

சப்வே வாயில் இரும்புத் தடுப்பு போட்டு ஒரு போலீஸ்காரர் மழைக்கோட்டோடு நின்றிருந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் சரிவு முழுக்கக் கறுப்புத் தண்ணீர். வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"சார், உள்ள ஸ்கூல் வேன் மாட்டியிருக்கு. ஒன்பது பசங்க."

"நாலு மணிக்கே இங்க தடுப்பு போட்டாச்சுமா. ஒரு வண்டியும் உள்ள போவல."

"அந்தப் பக்கம்?"

"அங்கயும் நம்ம ஆளு கீறாரு. அதே நாலு மணிக்குத்தான் போட்டோம்."

மூன்று ஐம்பத்திரண்டுக்கும் நாலுக்கும் நடுவில் எட்டு நிமிடம். மண்டபத்திலிருந்து சப்வேக்குள் இறங்க ஒரு நிமிடம் போதும்.

பக்கத்தில் குடை பிடித்து நின்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். தமிழ்வாணன். சப்வே பக்கத்திலேயே பல தலைமுறையாக வீடு. அவர் மகன் அபிஷேக் பவ்யாவின் வகுப்பு, அதே வேன்.

"இன்னாத்துக்கு சிஸ்டர் டென்ஷன் ஆவுறீங்க? நானும் அரை அவரா பாத்துகினுதான் கீறேன். வண்டி மண்டபத்தாண்ட நிக்குது. உத்தமன் வெவரமான ஆளு, தண்ணியப் பாத்துட்டு ஓரங்கட்டிட்டான்." போனை போலீஸ்காரரிடம் நீட்டினார். அவரும் குனிந்து பார்த்தார்.

"பச்சையாதான கீது. அப்புறம் இன்னாமா?"

என் வேலையை இவ்வளவு நம்பி அதற்கு முன் யாரும் பேசி நான் கேட்டதில்லை. கருவிக் கம்பெனியின் பதிலை என் போனில் திறந்து, நேரம் இருந்த வரியைக் காட்டினேன். "இதப் பாருங்க சார், மூணு அம்பத்திரண்டு. அதுக்கப்புறம் ஒண்ணுமே வரல."

"இன்னா இது, கோடு கோடா கீது. இதுல எங்க வண்டி?"

சப்வேயைப் பார்த்து பவ்யா என்று கத்தினேன். சரியாக அந்த நேரம் மேலே ஒரு கூட்ஸ் வண்டி கிளம்பியது. ஐம்பது பெட்டியும் கடக்கும்வரை காதில் வேறு ஒன்றும் விழவில்லை. உள்ளே யாராவது பதில் சொல்லியிருந்தாலும் அது எனக்குக் கேட்டிருக்காது. தண்ணீர் தடுப்பின் காலைத் தொட்டுவிட்டதைப் பார்த்தேன்.

"சார், அந்த ஆப்பை எழுதினதே நான்தான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது வண்டியப் பாக்கறது இல்ல சார். அது என் புரோகிராம்கிட்ட கேக்கும். நான் இன்னொரு கம்பெனிகிட்ட கேட்டுச் சொல்வேன். அங்க பதில் வரலன்னா, பழைய பதிலையே சொல்லு, எல்லாம் சரின்னு சொல்லுன்னு எழுதி வெச்சிருக்கேன். எப்போ எடுத்த பதில்னு தெரியக்கூடாதுன்னு நேரத்தையும் தூக்கிட்டேன். நீங்க பாக்கற புள்ளி பொய்."

தமிழ்வாணனின் சிரிப்பு போய்விட்டது. "அப்போ இத்தினி நேரமா நான் பாத்துகினு இருந்தது?"

"முக்கால் மணி நேரத்துக்கு முன்னாடி வண்டி இருந்த இடம்."

அவர் என்னை அடித்திருந்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். போலீஸ்காரர் வாக்கிடாக்கியை எடுத்தார். "மண்டபத்தாண்ட ஸ்கூல் வேன் எதனா நிக்குதா, போய்ப் பாத்து சொல்லு." பதில் வர நேரமானது. வேன் அங்கேயே நிற்கட்டும், என்னைப் பைத்தியக்காரி என்று சொல்லட்டும், வேலை போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கரகரவென்று குரல் வந்தது. "இங்க ஒண்ணியும் இல்ல சார்."

தமிழ்வாணன் குடையைப் போட்டுவிட்டு இறங்கப்போனார். போலீஸ்காரர் சட்டையைப் பிடித்து இழுத்துவைத்துக்கொண்டே தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினார். அவர்கள் கயிறும் டியூபுமாக வந்து சேரப் பதினைந்து நிமிடம் ஆனது. நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே போனவர்களில் ஒருவர் வளைவிலிருந்து கையை உயர்த்தி, "எல்லாம் உயிரோட கீதுங்க" என்றார். நான் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒவ்வொரு பிள்ளையாக டியூபில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். நான் எண்ணினேன். ஐந்தாவது அபிஷேக். ஆறாவது பவ்யா. அவளைத் தூக்கியபோது மார்பு வரை நனைந்து விறைத்துப்போயிருந்தாள். கடைசியாகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ரேகாவும் உத்தமனும் வந்தார்கள். உத்தமனின் உதடு நீலமாக இருந்தது.

"ரொம்பப் பயந்துட்டியாடா?" என்று கேட்டேன்.

"அப்புறமாதான் பயந்தேன்" என்றாள் பவ்யா. பல் தந்தியடித்தது. "வண்டி நின்னப்போ தண்ணி கொஞ்சமாதான் இருந்துச்சும்மா. உத்தமன் அண்ணா ரெண்டு ரெண்டு பேரா தூக்கிட்டு வெளிய போயிடலாம்னாரு. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

"உனக்குத்தான் தெரியுமே. எங்க அம்மா செஞ்ச ஆப்பு, நாம எங்க இருக்கோம்னு அம்மா பாத்துட்டே இருப்பாங்க, இப்ப ஆள் அனுப்புவாங்கன்னு சொன்னேன்."

"பாப்பா சொல்லிச்சுன்னுதான்கா இருந்தோம்" என்றாள் ரேகா, புடவையைப் பிழிந்துகொண்டே. "மழையில புள்ளைங்கள எறக்குனா வழுக்கிடும், ஆளுங்க வந்துடுவாங்கன்னு நானும் உத்தமண்ணன நிறுத்திட்டேன். அதுக்கப்புறம் தண்ணி கடகடன்னு ஏறிடுச்சு. கதவு தொறக்கல. எல்லாத்தையும் சீட்டு மேல நிக்க வெச்சேன்."

பவ்யாவை இறுக்கிக்கொண்டேன். அவள் என் கழுத்திலிருந்து தலையை எடுத்து என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா இவ்ளோ லேட்டு? டிராஃபிக்கா?"

இரண்டடி தள்ளி தமிழ்வாணன் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். ரேகா சொன்னதையும் கேட்டிருந்தார், இதையும் கேட்டார். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ்காரரிடம் சொல்ல முடிந்தது எனக்கு அவளிடம் சொல்ல வரவில்லை.

"ஆமாடா" என்றேன்.