அண்ணனின் வலது கை

நைல் ஒன்றுதான், அதற்கு அரசர்கள் இரண்டு பேர். தம்பி நெஹி தெற்கு அரசரின் படையில். வடக்கே பெண் கட்டிய பாவத்துக்கு அண்ணன் ஹெபு வடக்கு அரசரின் படையில். அரசர்கள் இருவரும் படகு நிழலில் உட்கார்ந்திருக்க, கரையில் அண்ணன் தம்பிகள் வெட்டிக்கொண்டு செத்தார்கள்.

உச்சிப்பொழுதுக்குள் வடக்குப் படை சிதறிவிட்டது. அரசரிடம் கணக்குக் காட்டிப் பரிசு வாங்க, விழுந்தவர்களின் வலது கையை வெட்டி எடுப்பதுதான் மிச்ச வேலை. உயிர் இருந்தால் குத்திக் கொன்றுவிட்டு வெட்டுவார்கள். கை இல்லாத உடலை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நாணல் ஓரத்தில் ஹெபு கால் முறிந்து கிடப்பதை நெஹி பார்த்துவிட்டான்.

“அண்ணே, கையை நீட்டு. வெட்டிட்டா பொணம்னு விட்டுட்டுப் போயிருவாங்க.”

“பேசாம கொன்னுடுடா. மேற்கே, செத்தவங்க நாட்டுக்குப் போனப்புறம், அங்க குடுக்குற ரொட்டிய எதால வாங்குறது?”

“கையை ஒளிச்சு வச்சுத் திருப்பித் தரேன். நீ சாகுறப்போ உடம்போட சேத்துத் துணியில சுத்திரலாம். கத்தாத.”

அண்ணன் வாயில் தோல்வாரைத் திணித்து, முழங்கைக்குக் கீழே இறுக்கிக் கட்டிவிட்டு, நெஹி கோடரியை இறக்கினான். கட்டியதையும் மீறி ரத்தம் அவன் மார்பெல்லாம் பீய்ச்சியடித்தது. ஹெபு கத்தவில்லை.

வாயிலிருந்த வாரை உருவி, கட்டின்மேல் நாணலை இழுத்துப் போட்டுவிட்டுக் கையை மறைப்பதற்குள் படைத்தலைவன் சேனி வந்துவிட்டான். அவன் இடுப்புக் கயிற்றில் பதினோரு கைகள் தொங்கின.

“என்னடா, ஆடு அறுத்தவன் மாதிரி நிக்கிற? செத்தவன் கை இப்படி ரத்தம் கக்காதே.”

“இப்பத்தான் செத்தான், தலைவரே.”

“பாத்துருவோம்.”

சேனி ஈட்டியை ஹெபுவின் தொடையில் இறக்கித் திருகினான். ஹெபுவின் இமைகூட அசையவில்லை.

“பொணந்தான்.” சேனி சிரித்தபடி கையைப் பிடுங்கிக் கயிற்றில் கோத்துக்கொண்டு நடந்தான். தடுத்தால் அண்ணன் உயிர் போகும். நெஹி தடுக்கவில்லை.

வெகுநேரம் கழித்து மயக்கம் தெளிந்து ஹெபு கண்ணைத் திறந்தான்.

“கை எங்கடா?”

“பொழச்சுட்டல்ல அண்ணே, அது போதாதா?”

“இங்க திங்க இடது கை போதும். அங்க காலகாலத்துக்கும் பட்டினி கிடக்கச் சொல்றியா? வாக்குக் குடுத்தியேடா.”

நெஹியை வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் வலது கையை ஒரு மரக்கட்டைமேல் நீட்டி வைத்தான். கோடரியை அண்ணனின் இடது கையில் கொடுத்தான்.

“ஒரே வயித்துல பொறந்த கை. சாமி ஒத்துக்கும்.”

வேண்டாம் என்று அண்ணன் சொல்வான் என்று உள்ளூர எதிர்பார்த்தான். ஹெபு சொல்லவில்லை. இடது கைக்குப் பழக்கமில்லாததால் இரண்டு வெட்டு வெட்ட வேண்டியிருந்தது.