பெட்டிக்குள் மாட்டிய பூச்சி

சின்ன மாப்பிள்ளை வந்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. கல்யாணமான நாள் முதல் மாமனாரின் தேனீப் பெட்டிகளோடு மாரடிப்பவன் நான். கொட்டு வாங்கி முகம் வீங்கியதும் எனக்குத்தான். கல்லூரியில் பூச்சிப் பாடம் நடத்தும் சகலை, லீவுக்கு வந்து காலாட்டிக்கொண்டு பேசினாலே போதும், மாமா வாயைப் பிளந்து கேட்கிறார். முட்டி வலி தாங்காமல் இந்த வருடம் பெட்டிகளை யாரிடமாவது ஒப்படைக்கப்போகிறார். அந்த ஆள் நானாக இருக்க வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஒரு பெட்டியில் மட்டும் தேன் குறைந்துகொண்டே வந்தது.

"மண்டையோட்டுப் பூச்சியா இருக்கும் மாமா," என்றான் சகலை. "முதுகுல மண்டை ஓடு மாதிரி அடையாளம், வயித்துல மஞ்சப் பட்டை. எத்தனையோ நாட்டுல இருக்கு, நான்தான் இன்னும் உயிரோட பார்த்ததில்ல. புழுவா இருக்கிறப்போ கத்திரி இலையைத் தின்னும், அப்புறம் மண்ணுக்குள்ள போய்க் கூட்டுப்புழுவாயிடும். ரெக்கை முளைச்சதும் தேன் திருட வந்துடும், எலி மாதிரி கீச்சுன்னு கத்தும். தேனீ வாசனையே அதுமேலயும் அடிக்கும். நம்ம ஆளுன்னு நினைச்சுத் தேனீ ஒண்ணும் அதைக் கொட்டாது."

நேற்று வந்தவன் நடுவீட்டில் சம்மணம் போட்டிருக்கிறான். அவனையும் யாரும் கொட்டவில்லை.

"வாசலைச் சுருக்கினா தீர்ந்தது. இதுக்குப் பாடம் எதுக்கு?" என்று எழுந்தேன். பொழுது சாய்ந்திருந்தது. தேனீ மட்டும் நுழையும் அளவுக்கு இடம் விட்டு, பெட்டி வாசலில் தகரத்தை வைத்து ஆணி அடித்தேன். மாமா முதுகில் தட்டினார். அன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

காலையில் பெட்டிக்குள் கீச் கீச்சென்று சத்தம். முகவலையை மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினால், கட்டைவிரல் தடிமனில் அந்தப் பூச்சி அடைமேல் உட்கார்ந்து சாவகாசமாகத் தேன் குடித்துக்கொண்டிருந்தது. உள்ளே பார்க்காமல் வாசலை அடைத்த அவசரத்தில் திருடனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறேன்.

சகலை ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டான். கண்ணெல்லாம் தண்ணீர். "அண்ணே! எனக்காகப் பிடிச்சு வச்சீங்களா?"

வேறு வழி? தலையாட்டினேன்.

"இனிமே எல்லா லீவும் இங்கதான் மாமா. இதோட வாழ்க்கையைக் கூடவே இருந்து பார்க்கணும்."

மாமா எங்கள் இருவர் தோளிலும் கை போட்டார். "சகலைங்கன்னா இப்படியில்ல இருக்கணும்! பெட்டியெல்லாம் உங்க ரெண்டு பேருக்கும்தான், மாப்பிள்ளை." என் தலையிலிருந்த முகவலையைக் கழற்றி, பூச்சியைக் கிட்டத்தில் பார்க்கட்டும் என்று அவனுக்கு மாட்டிவிட்டார்.

அடுத்த நொடி ஒரு தேனீ கிளம்பி வந்து மூக்கில் கொட்டியது. என் மூக்கில்தான்.