ஆறாம் நம்பர் பூட்ஸ்

முதலில் கைதான் மேலே வர வேண்டும், தலை அப்புறம், மூச்சு அதற்கும் அப்புறம், பச்சைத் தண்ணீரை விலக்கிக்கொண்டு ஒற்றைக் கை எழுந்து நிற்கும், விரல்கள் விரிந்து, மணிக்கட்டில் பாசி ஒட்டிக்கொண்டு, எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன் என்று படகுக்குச் சொல்லும் கை, விழுந்தவர்கள் எல்லோரும் முதலில் செய்ய வேண்டியது அதுதான், மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி மண்டை தெறித்தாலும் கையைத் தூக்கு, கை தெரிந்தால் படகு நிதானமாகத் திரும்பி வரும், தெரியாவிட்டால் ஏதோ ஆகிவிட்டதென்று பறந்து வரும், இதை எனக்குச் சொன்னவள் சில்வி, புதுச்சேரியிலிருந்து வந்து எங்கள் உப்பங்கழிக் கரையில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்த பிரெஞ்சுக்காரி, அப்போது எனக்குப் பதினேழு வயது, அப்பாவின் ஃபைபர் படகில் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுவது என் வேலை, சில்விக்கு அப்பாவின் படகு வேண்டாம், படகின் கயிறுதான் வேண்டும், கயிற்றின் நுனியில் ஒரு கைப்பிடி, காலில் ஒரு பலகை, பலகையோடு சேர்த்துத் திருகிய இரண்டு பூட்ஸ், வேக்போர்டு என்று அவள் சொன்னதை ஊரில் யாரும் திருப்பிச் சொல்லவில்லை, பலகை என்றார்கள், வெள்ளைக்காரி பலகையில் நிக்கிறா பாரு என்று வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன், நான் பார்த்த பார்வையை அவள் பார்த்தாள், அடுத்த நாள் என் காலைப் பிடித்துத் தன் பூட்ஸுக்குள் நுழைத்தாள்.

நுழையாது, அவ்வளவு சுலபமாக நுழையவே நுழையாது, ரப்பர் காலைக் கவ்விப் பிடிக்கும், ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து உள்ளே பிழிந்து, நுரையோடு நுரையாகக் குதிகாலைத் தள்ள வேண்டும், பிறகு மல்லாந்து மித, முழங்காலை நெஞ்சோடு சேர், கையை நீட்டு, மடக்காதே, படகு இழுக்கும்போது நீயாக எழுந்திருக்காதே, எல்லோரும் செய்யும் தப்பு அதுதான், அவசரப்பட்டு எழுந்து முகம் குப்புற விழுவது, நீ எழும்பாத, போட் எழுப்பும், நீ சும்மா, அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதான், பத்துத் தடவை விழுந்தேன், பத்துத் தடவையும் கையைத் தூக்கினேன், பதினொன்றாவது தடவை சும்மா இருந்தேன், தண்ணீர் என்னை எடுத்து நிறுத்தியது, கழி முழுவதும் எனக்கு முன்னால் விரித்துப் போட்ட பாய் மாதிரி கிடந்தது, அப்பா திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் முன்னால் பார்த்துக்கொண்டார், அவர் தோள் சிரித்தது எனக்குத் தெரியும், இப்போது யோசித்தால் சில்வி சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் என்னைக் கெடுத்தது என்று தோன்றுகிறது, நீ எழும்பாத, போட் எழுப்பும், தண்ணீருக்குச் சொன்னதை நான் தரைக்கும் எடுத்துக்கொண்டேன், இலவு காத்த கிளி மாதிரி இருபது வருடம் எந்தப் படகோ வந்து எழுப்பும் என்று சும்மா இருந்தேன்.

நிற்கக் கற்றுக்கொடுக்க அவளுக்கு ஒரு வாரம்தான் ஆயிற்று, கழுவக் கற்றுக்கொடுக்க இரண்டு வருடம் ஆயிற்று, உப்பு பொல்லாதது, கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசு, பூட்ஸுக்குள் கையை விட்டு மணலை வழி, நிழலில் காயவை, வெயிலில் போட்டால் பசை இளகிப் பூட்ஸ் வாயைப் பிளக்கும், பலகையின் அடியில் சுறாவின் முதுகுபோல் நிற்கும் சின்னத் தகடுகளில் விரலை ஓட்டிப் பார், பிசிறு இருந்தால் தேய், திருகாணி ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாளும் தொட்டுப் பார், தளர்ந்ததை இறுக்கு, ரொம்ப இறுக்காதே, புரி போய்விடும், கயிற்றைச் சுருட்டு, முடிச்சு விழவிடாதே, கயிற்றை ஒருநாளும் கையில் சுற்றிக்கொள்ளாதே, நான் எல்லாவற்றையும் செய்தேன், வீட்ல ஒரு டம்ளர் கழுவச் சொன்னா மூஞ்சியத் தூக்கறவ, அந்தப் பலகைய மட்டும் புள்ளையக் குளிப்பாட்டற மாதிரி குளிப்பாட்டறா என்று அம்மா முணுமுணுப்பாள், அவள் குற்றம் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னாள். ஊருக்குத் திரும்பும் அன்று சில்வி படகின் விளிம்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலை என் காலோடு ஒட்டி வைத்தாள், ஒன்று வெளுப்பு, ஒன்று கறுப்பு, நீளம் ஒன்று, ஆறாம் நம்பர், இது உனக்கு, உன் கால் என்றாள், பலகையை என் மடியில் வைத்தாள், என் வாழ்க்கையில் என் அளவு பார்த்து எனக்கென்று ஒருவர் கொடுத்த பொருள் அது ஒன்றுதான், கல்யாணப் புடவைகூட வீட்டுக்காரரின் அத்தைக்குப் பிடித்த நிறம்.

பத்தொன்பது வயதில் நிறுத்தினார்கள், யாரும் கத்தவில்லை, அடிக்கவில்லை, சோறு போட்டுக்கொண்டே அம்மா சொன்னாள், ஏற்கெனவே கருப்பு, இதுல வெயில்ல வேற வறுத்தெடுத்தா எவன் வந்து கேப்பான் உன்ன, ஈரத் துணியோட நீ நிக்கறதப் பாக்கத்தான் பாதிப் பேரு டிக்கெட்டு வாங்கறான், நான் அப்பாவைப் பார்த்தேன், அப்பா குழம்பைப் பார்த்தார், பலகை சும்மாத்தான கெடக்கும், தயா பழகட்டும் என்றார், தயாளன் என் தம்பி, பதிமூன்று வயது, தண்ணீரில் மீனாக இருப்பான், பலகையில் ஏறினால் மூட்டையாக விழுவான், அவனுக்குக் கற்றுக்கொடுத்தது நான், அப்பா ஓட்ட, நான் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, விழுந்தவன் கையைத் தூக்குகிறானா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், கைய மடக்காதடா, குந்துடா, சும்மா இருடா, போட் எழுப்பும், தொண்டை கட்டும்வரை கத்தினேன், ஒருநாள் அவன் விழுந்தான், கை வரவில்லை, தலையும் கவிழ்ந்து கிடந்தது, நான் போட்ட துணியோடு குதித்தேன், ஓடுகிற படகிலிருந்து, இயந்திரத்துக்கு ஒரு முழம் தள்ளி, நீந்திப்போய்ப் புரட்டினால் சிரிக்கிறான், பயந்துட்டியாக்கா, தண்ணீரிலேயே ஓங்கி ஓர் அறை விட்டேன், கையத் தூக்கறது வெளையாட்டு இல்லடா, உசுரு, அதற்கப்புறம் அவன் ஒருநாளும் மறந்ததில்லை, எங்கே விழுந்தாலும் அவன் கை முதலில் வந்துவிடும், அந்தக் கையைப் பார்த்து எத்தனை தடவை மூச்சு விட்டிருப்பேன்.

பதினைந்தில் அவன் கால் வளர்ந்தது, ஒரு மத்தியானம் கரையிலிருந்து வருகிறேன், தயா கொல்லையில் குந்தியிருக்கிறான், கையில் அம்மாவின் மீன் வெட்டும் கத்தி, பூட்ஸ் இரண்டின் முனையையும் அறுத்து எடுத்துவிட்டான், வெட்டிப்போட்ட மீன் தலை மாதிரி இரண்டு ரப்பர்த் துண்டுகள் மண்ணில் கிடக்கின்றன, இப்ப வெரலு வெளிய வந்துடும்க்கா, காலு போவுது பாரு என்று பெருமையாக மாட்டிக் காட்டுகிறான், நான் அந்தத் துண்டுகளைப் பொறுக்கினேன், அழுகை வந்தது, அம்மா கேட்டாள், ஆம்பளப் புள்ளைக்குக் கால் வளரத்தான செய்யும், ஒரு செருப்புக்கா இப்படி அழுவற, நல்லாத்தான் இருக்கேன்மா, தூசி விழுந்துடுச்சி என்றேன், எனக்கு ஒன்றுமில்லை என்று அன்றைக்குத் தூக்கிய கைதான், பிறகு இறக்கவேயில்லை. அவன் ஓட்டிவிட்டு வந்து பலகையை மண்ணில் எறிவான், நான் அலசுவேன், நிழலில் வைப்பேன், திருகாணி பார்ப்பேன், நோகாமல் நுங்கு தின்கிறான் என்று நினைத்துக்கொண்டே செய்வேன், நினைத்துக்கொண்டே செய்தேன் என்பதுதான் எனக்கு வெட்கம், வெறுமனே அன்பினால் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான்.

அவனுக்குச் சென்னையில் ஒரு தண்ணீர் விளையாட்டுக் கிளப்பில் வேலை கிடைத்தது, புதுப் பலகை கிடைத்தது, எனக்கு மதுராந்தகத்தில் ஐஸ் கம்பெனியில் மேஸ்திரி வேலை பார்க்கும் மாப்பிள்ளை கிடைத்தது, பழைய பலகை கொல்லையில் வெயிலில் கிடந்தது, கோழி அதன்மேல் ஏறி நின்றது, நான் சீரோடு சீராக அதையும் வண்டியில் ஏற்றினேன், அங்கே தண்ணீர் என்றால் ஏரிதான், அதுவும் மழை பெய்தால், வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, முதல் மாதமே பலகையைக் கவிழ்த்து இரண்டு முக்காலிமேல் போட்டுச் சட்டையை விரித்து இஸ்திரிப் பெட்டியோடு நின்றார், சரியான உயரமா இருக்கே என்றார், நான் பாய்ந்து பிடுங்கியதில் அவர் விரலைச் சுட்டுக்கொண்டார், அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை, வேறெதையும் கேட்டதில்லை, பதினெட்டு வருடம் கட்டிலுக்கு அடியில், என் பழைய நைட்டியால் சுற்றி, பூட்ஸுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வைத்திருந்தேன், அமாவாசைக்கு அமாவாசை வெளியே எடுத்துத் துடைத்து, திருகாணியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, தளராததை எதற்கு இறுக்குவது, வெறுமனே தொட்டுப் பார்த்து, மறுபடியும் சுற்றி வைப்பேன், அம்மா போனில் கேட்பாள், எப்படிடி இருக்க, நல்லா இருக்கேன்மா, தயா கேட்பான், எப்படிக்கா இருக்க, நல்லா இருக்கேன்டா. ஒருநாள் அவனை டிவியில் காட்டினார்கள், மைக்கைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான், யாரும் சொல்லித் தரலங்க, விழுந்து விழுந்து நானே கத்துக்கிட்டதுதான், உன் தம்பி கெட்டிக்காரன் என்றார் வீட்டுக்காரர், ஆமாங்க என்றேன், தோசை தீய்ந்த வாடை வந்தபோதுதான் அடுப்பு ஞாபகம் வந்தது.

போன மாதம் போன் செய்தான், நம்ம கழியிலயே பலகை கத்துக்குடுக்க ஸ்கூல் ஆரம்பிக்கறேன்க்கா, அப்பா இருந்திருந்தா பாத்திருப்பாரு, அந்தப் பழைய பலகை உங்கிட்டதான கெடக்கு, எடுத்துட்டு வா, வரவேற்பு ஹால் செவுத்துல மாட்டணும், என்னோட மொதப் பலகை இல்லியா, என்னோட என்ற சொல்லை அவன் அழுத்திக்கூடச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது, பொய் சொல்கிறவன் கொஞ்சமாவது அழுத்துவான், அவன் பொய் சொல்லவில்லை, மறந்தே போயிருக்கிறான், பேருந்தில் கடைசி இருக்கையில் பலகையை மடியில் சாய்த்துக்கொண்டு போனேன், சுவரில் ஆணி தயாராக இருந்தது, ஆணிக்குக் கீழே பித்தளைத் தகடு, அதில் அவன் பெயர், வருடம், முதல் பலகை என்ற எழுத்து, வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான், ஒரு பிரெஞ்சு அம்மா எனக்குக் குடுத்துட்டுப் போனது, அம்மா மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினாள், சாயந்திரம் எல்லோரையும் படகில் ஒரு சுற்று அழைத்துப் போய் வந்தான், வாக்கா, நீயும் வந்து உக்காரு என்றான், நான் சுவரிடம் போய்ப் பலகையைக் கழற்றினேன், படகுல இல்லடா, கயித்துல வரேன் என்றேன், கூட்டம் சிரித்தது, அவனும் சிரித்தான், சரி, புதுசு ஒண்ணு தரேன், அது செவுத்துக்குக்கா, பழசு, பிச்சிக்கும் என்றான், பிச்சிக்காது, நான் பாத்துக்கிட்டது என்றேன், இந்த வயசுல உனக்கு எதுக்குடி என்று அம்மா எழுந்தே விட்டாள், சுடிதார்மேல் லைஃப் ஜாக்கெட்டை மாட்டினேன், ஷாம்பு கேட்டேன், கடைக்குப் போய் வாங்கி வந்தார்கள், பாக்கெட்டைப் பல்லால் கிழித்தேன், அறுத்த முனை வழியாக என் விரல்கள் கொஞ்சம்தான் வெளியே தெரிந்தன, அவன் காலுக்காக வெட்டிய இடத்தில் என் கால் முடிந்துபோயிருந்தது, குதிகால் மட்டும் கச்சிதமாக உட்கார்ந்தது, ஆறாம் நம்பர், தயா குனிந்து அதைப் பார்த்தான், எதையோ நினைவுபடுத்திக்கொள்கிறவன் மாதிரி நெற்றியைச் சுருக்கினான், பிறகு யாரோ கூப்பிட நிமிர்ந்துகொண்டான்.

படகை வேறொருவன் ஓட்டினான், தயா பின்பக்கம் பார்த்து உட்கார்ந்தான், ஒருகாலத்தில் நான் உட்கார்ந்த இடம், முதல் தடவை விழுந்தேன், கையைத் தூக்கினேன், இரண்டாவது தடவையும் விழுந்தேன், தூக்கினேன், போதும்க்கா என்று கத்தினான், மூன்றாவது தடவை சும்மா இருந்தேன், தண்ணீர் என்னை எடுத்து நிறுத்தியது, பசை பிடித்தது, திருகாணி பிடித்தது, பதினெட்டு வருடம் கட்டிலுக்கு அடியில் கிடந்த பலகை கழியின்மேல் சீறிக்கொண்டு போனது, கரையில் கைதட்டல், நான் அவனையே பார்த்தேன், அவன் என்னையே பார்த்தான், வாயைக் குவித்துக் கத்தினான், கைய மடக்காதக்கா, குந்துக்கா, என் சொற்கள், நான் தொண்டை கட்டக் கத்திய அதே சொற்கள், எனக்கே சொல்லிக்கொடுக்கிறான், அவனுக்கு அது தெரியவே தெரியாது, அந்த நொடியில்தான் விழுந்தேன், முட்டி மடங்கவில்லை, கயிறு பிடுங்கிக்கொள்ளவில்லை, நானாகத்தான் கைப்பிடியை விட்டேன்.

இப்போது மிதக்கிறேன், காதுக்குள் தண்ணீர், மேலே வெளிறிய வானம், எங்கும் அடிபடவில்லை, எலும்பெல்லாம் சொன்ன பேச்சுக் கேட்கிறது, படகு தூரத்தில் வளைகிறது, தயா எழுந்து நின்றுவிட்டான், கண்ணுக்குமேல் கையை வைத்துப் பார்க்கிறான், என் தலை அவனுக்குத் தெரியும், கண் திறந்திருப்பதும் தெரியும், அக்கா என்கிறான், அக்கா, கை, கையத் தூக்குக்கா, குரல் உடைகிறது, பதிமூன்று வயதில் உடைந்த மாதிரி, கரையில் அம்மா தண்ணீர்வரை வந்துவிட்டாள், படகு பறந்து வருகிறது, வலது கை தானாக எழப் பார்க்கிறது, பதினேழு வயதிலிருந்து வந்த பழக்கம், இடது கையால் அதைப் பிடித்துக்கொள்கிறேன், நான் நன்றாக இல்லை தயா, என்றைக்கும் இருந்ததில்லை, கையத் தூக்குக்கா என்று கெஞ்சுகிறான், இரண்டு கைகளையும் தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.